கார்பன் மாற்றினால் போதுமா?

தண்டவாளத்தில் வைத்து கண்ட்ரோலரைத் திருகினால் எஞ்சின் முனகும், நகராது. விரலால் ஒரு தள்ளு கொடுத்தால் இரண்டடி ஓடி, பாதை கிளை பிரியும் இடத்தில் மறுபடி படுத்துக்கொள்ளும். பழைய மாடல் ரயில் வைத்திருக்கிற எவருக்கும் இந்தக் காட்சி புதிதில்லை. அடுத்து வரும் வசனமும் புதிதில்லை: "மோட்டார் போச்சு. புதுசு ஒண்ணு வாங்கிடு." இதில் இருப்பவை இரண்டு வாக்கியங்கள். இரண்டுமே பெரும்பாலும் தவறு என்பது என் கட்சி. ஆனால் எதிர்த்தரப்பு அவ்வளவு பலவீனமானது இல்லை. அதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

பொதுவாகப் பேசினால் இந்த விவாதம் காற்றோடு போய்விடும் என்பதால் ஒரே ஒரு வகையைக் கூண்டில் ஏற்றுகிறேன். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து மார்கேட் நகர ஆலையில் ஹார்ன்பி நிறுவனம் 1980-களில் செய்து விற்ற நீராவி எஞ்சின்கள். குறிப்பாக, பச்சை நிற ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன். ஓஓ அளவு. நிஜத்தில் ஓரடி இங்கே 4 மில்லிமீட்டர். பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர், ஓட்டுவது 12 வோல்ட் நேர்மின்சாரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த 16.5 மில்லிமீட்டர் நான்கடி ஒன்றரை அங்குலத்துக்குத்தான் சமம். நிஜமான ஆங்கிலேயப் பாதையோ நான்கடி எட்டரை அங்குலம். அதாவது, பிறக்கும்போதே ஏழு அங்குலம் குறைந்து பிறந்த ரயில் இது. இந்தக் குறையைக் கண்டுகொள்ளாமல் பல தலைமுறைகள் ஓட்டி மகிழ்ந்திருக்கின்றன. பின்னால் 'அசல்' என்ற சொல் வரும். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எஞ்சின்களின் விசேஷம், மோட்டார் எஞ்சினில் இல்லை என்பது. பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் வண்டிக்குள் இருக்கிறது. ரிங்ஃபீல்ட் என்று பெயர். சுழலும் ஆர்மெச்சரைச் சுற்றி வளையமாக ஒரு காந்தம். அதனால் அந்தப் பெயர். லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் நடத்திய ஹார்ன்பி டப்லோ வரிசையில் பிறந்த யோசனை இது. 1964-இல் டிரையாங் ரயில்களின் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் மெக்கானோவை வாங்கிய பிறகு இரண்டு வம்சங்களும் ஒன்றாயின. 1971-இல் லைன்ஸ் பிரதர்ஸே நொடித்துப்போனது. குடும்பப் பெயர் மட்டும் பிழைத்தது, மோட்டாரும் பிழைத்தது.

டெண்டரில் மோட்டாரை வைத்தது சரியா? தயாரிப்பாளரின் பக்கத்தில் நியாயம் உண்டு. தட்டையாக, வட்டமாக இருக்கும் இந்த மோட்டார் கொதிகலன் குழாய்க்குள் அடங்காது. டெண்டருக்குள் தள்ளிவிட்டால் ஓட்டுநர் அறை காலியாகக் கிடைக்கும், உள்ளே கைப்பிடிகளும் மானிகளும் காட்டலாம். ஒரே மோட்டாரைப் பல டெண்டர்களில் பொருத்தலாம், டீசல் எஞ்சின் பெட்டிக்குள்ளும் வைக்கலாம். செலவு குறையும். உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். இந்தக் கடைசிக் காரணம் இன்று, நாற்பது ஆண்டு கழித்து, நமக்குத்தான் லாபமாக முடிந்திருக்கிறது.

பாதகங்களோ கண்ணால் பார்க்கக்கூடியவை. நிஜத்தில் எஞ்சின் டெண்டரை இழுக்கும். இங்கே டெண்டர் எஞ்சினின் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறது. அந்தப் பெரிய பச்சைச் சக்கரங்கள் தாமாகச் சுழல்பவை இல்லை, தள்ளப்பட்டுச் சுழல்பவை. இணைப்புக் கம்பியில் சிறிது அழுக்கு சேர்ந்தால் சுழலாமல் சறுக்கிக்கொண்டே போகும். பார்க்க அவமானமாக இருக்கும். பிளாஸ்டிக் டெண்டருக்கு எடை போதாததால் பிடிமானத்துக்குச் சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டினார்கள். ரப்பர் மின்சாரம் கடத்தாது, ஆகவே அந்தச் சக்கரங்கள் மின்சாரம் எடுக்க உதவா. முடிவில் ஒரு தண்டவாளத்து மின்சாரத்தை எஞ்சின் சக்கரங்களும், மறு தண்டவாளத்து மின்சாரத்தை ரப்பர் இல்லாத டெண்டர் சக்கரங்களும் எடுக்க, இடையில் ஓர் இணைப்பு அதைக் கடத்தித் தர வேண்டிய ஏற்பாடு. இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி நழுவினாலும் ரயில் நிற்கும்.

நோய் எங்கே என்பது இங்கேயே பாதி தெரிந்துவிடுகிறது. கிளை பிரியும் இடத்தில் எஞ்சின் நிற்கிறது என்றால் அங்கே பிளாஸ்டிக் துண்டின் மேல் சக்கரம் ஏறும் கணத்தில் மின்சாரம் அறுகிறது என்று பொருள். மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சோதிக்க ஒரு நிமிடம் போதும்: டெண்டரின் மேல்மூடியைக் கழற்றி, கண்ட்ரோலரின் இரண்டு ஒயரையும் நேரே மோட்டாரின் இரண்டு பிரஷ் முனைகளில் வையுங்கள். மோட்டார் சுறுசுறுப்பாகச் சுழன்றால் அது நிரபராதி. என் மேஜைக்கு வந்த 'மோட்டார் போன' எஞ்சின்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் விடுதலையானவைதான். சக்கரங்களில் நாற்பது ஆண்டுக் கறுப்பு ஏறியிருந்தது, அவ்வளவே.

மோட்டாரே சோம்பலாக இருந்தால்தான் அடுத்த கட்டம். இங்கே தமிழ் வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. மிக்ஸி நின்றுபோனால் "கார்பன் தேஞ்சிருக்கும்" என்று சொல்லத் தெரியாத வீடு குறைவு. அதே கார்பன் பிரஷ்தான் இங்கேயும், மிளகளவில். பின்னால் மெல்லிய ஸ்பிரிங் அதை கம்யூட்டேட்டர் மீது அழுத்துகிறது. கார்பன் தேயும், தேய்ந்த தூள் எண்ணெயோடு குழைந்து கம்யூட்டேட்டரின் மூன்று செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள பிளவுகளில் அடைத்துக்கொள்ளும். பல் குத்தும் குச்சியால் அந்தப் பிளவுகளைச் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாலே சில மோட்டார்கள் உயிர்த்தெழும். எண்ணெய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: தேங்காயெண்ணெய் விட்ட எஞ்சின்களையும் பார்த்திருக்கிறேன். மார்கழியில் அது பல்சக்கரத்துக்குள் உறைந்து கிடக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, குண்டூசி முனையில் எடுத்து, அச்சுகளில் மட்டும்.

சுருள் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். மூன்று செம்புத் துண்டுகளை இரண்டிரண்டாகத் தொட்டு அளந்தால் மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் சுருள் போய்விட்டது. அறுந்த ஆர்மெச்சர் ஒன்றை ஒருமுறை எங்கள் தெருமுனையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "முடி மாதிரி கம்பி சார் இது. கட்டிடலாம், ஆனா கூலி கேட்டா நீங்க அழுவீங்க. மிக்ஸி இருந்தா கொண்டாங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது நேர்மையான பொருளாதாரம். ஆர்மெச்சர் போனால் காயில் கட்டுவதில் அர்த்தம் இல்லை. இதே மோட்டார் வைத்த, உடம்பு உடைந்த வேறொரு எஞ்சினை மலிவாக வாங்கி, அளவு பொருந்துகிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்வதே வழி.

காந்தத்தைப் பற்றித்தான் அதிகம் தப்பெண்ணம். காந்தம் சோர்ந்த மோட்டார் மெதுவாகச் சுற்றும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. சுமை இல்லாதபோது அது வழக்கத்தைவிட வேகமாகவே சுற்றும். பெட்டிகளை மாட்டியதும் இழுக்கத் திணறும், அதிக மின்சாரம் குடிக்கும், சூடேறும். வெறும் எஞ்சின் பறக்கிறதே, ஆகவே மோட்டார் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தவன்தான், இன்னும் கேவலமாக. ரிங்ஃபீல்டுக்கு முந்தைய காலத்துத் திறந்த சட்ட மோட்டார் ஒன்றைச் சுத்தம் செய்கிறேன் என்று அதன் அல்னிகோ காந்தத்தைத் தனியே கழற்றி ஒரு வாரம் மேஜையில் போட்டுவைத்தேன். இரும்புத் துண்டு ஒன்றை முனைகளுக்குக் குறுக்கே வைத்திருக்க வேண்டும் என்பது தெரியாது. மாட்டிப் பார்த்தால் சோர்ந்துபோயிருந்தது. பழுதே இல்லாத மோட்டாரைப் பழுதாக்கியது என் கைதான். அந்த வகை மோட்டாருக்கு இப்போது சின்ன நியோடிமியம் காந்தங்களை உள்ளே செருகி வலு ஏற்றிவிடலாம், செலவும் அதிகமில்லை.

எதிர்த்தரப்புக்கு வருவோம். அவர்களிலும் இரண்டு கட்சி.

முதல் கட்சி மிதவாதிகள்: எஞ்சினை வைத்துக்கொள், மோட்டாரை மட்டும் மாற்று என்பவர்கள். பழைய சிடி பிளேயரில் இருந்து எடுத்த சின்ன மோட்டாரை, அதற்கென்றே அச்சடித்த பிளாஸ்டிக் வளையத்தில் பொருத்தி, ரிங்ஃபீல்ட் இருந்த துளைக்குள் வைப்பது இப்போது பரவலான வழக்கம். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. மலிவு; மின்சாரமும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். ஆனால் இந்தச் சின்ன மோட்டார்கள் சில வோல்ட்டுக்கே பிறந்தவை. 12 வோல்ட்டில் விட்டால் ஆயுள் குறையும் என்பதால் தொடரில் ஒரு ரெசிஸ்டர் போடுகிறார்கள். சுமை கூடக்கூட மோட்டார் அதிக மின்சாரம் கேட்கும், கேட்கக் கேட்க ரெசிஸ்டர் அதிக வோல்ட்டை விழுங்கும். ஆகவே எந்த நேரத்தில் பலம் தேவையோ, ஏற்றத்திலும் வளைவிலும், அந்த நேரத்தில் எஞ்சின் கை விரிக்கிறது. இன்னொன்றும் உண்டு. ரிங்ஃபீல்ட் எஞ்சின்களின் மீது உள்ள பெரிய புகார் சத்தம். அந்தச் சத்தத்தில் பெரும்பங்கு வரிசையாகக் கடித்துக்கொண்டு சுழலும் பிளாஸ்டிக் பல்சக்கரங்களுடையது. புது மோட்டாரும் அதே பல்சக்கரங்களைத்தான் சுழற்றப்போகிறது. மின்சாரம் எடுக்கும் பழைய ஏற்பாடும் அப்படியே. நோய் இருந்த இரண்டு இடங்களையும் தொடாமல் ஆரோக்கியமான உறுப்பை வெட்டி எடுத்த அறுவைச் சிகிச்சை இது. ஆர்மெச்சர் நிஜமாகவே செத்து, மாற்று ஆர்மெச்சரும் கிடைக்காதவர்களுக்கு மட்டும் இதை ஒப்புக்கொள்வேன்.

இரண்டாவது கட்சியை இப்படித் தள்ள முடியாது. பழையதை அலமாரியில் வை, புதிய தலைமுறை எஞ்சினை வாங்கு என்கிறார்கள். 2000-க்குப் பிறகு வந்தவற்றில் மோட்டார் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. கனமான உலோக அடிச்சட்டம் பிடிமானம் தருகிறது, ரப்பர் வளையத்துக்கு வேலை குறைவு. பல சக்கரங்கள் மின்சாரம் எடுக்கின்றன. ஆமை நடை நடக்கச் சொன்னால் நடக்கும். டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்குச் செருகும் சாக்கெட்டும் தயாராக உள்ளது. ரிங்ஃபீல்டில் அதற்கான டிஜிட்டல் சில்லைப் பொருத்த வேண்டுமானால், சட்டத்தோடு ஒட்டியிருக்கும் பிரஷ் முனையை முதலில் பிரித்து மின்காப்பு செய்ய வேண்டும். அடைபட்டு நிற்கும் பழைய மோட்டார் ஓர் ஆம்பியருக்கு மேல் இழுத்துச் சில்லையே எரித்துவிடவும் கூடும். ஓட்டத்தின் தரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் நான் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். புதியது வென்றது.

ஆனால் வழக்கு ஓட்டத்தோடு முடிவதில்லை. புதிய விரைவு எஞ்சின் ஒன்று இருநூறு பவுண்டுக்கு மேல்; இங்கே இறக்கினால் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும், சுங்கம் தனி. அதைக்கூட விடுங்கள். பழைய ரயில் பெட்டியோடு வந்த வளைவு பெரும்பாலும் ஹார்ன்பியின் முதல் ஆரம், 371 மில்லிமீட்டர். புதிய பெரிய எஞ்சின்கள் குறைந்தது இரண்டாம் ஆரம், 438 மில்லிமீட்டர் கேட்கின்றன. எஞ்சினை மாற்றினால் பாதையை மாற்ற வேண்டும், பாதையை மாற்றினால் பலகை போதாது. மாடு வாங்கப் போய்த் தொழுவம் கட்டின கதை. விலைப்பட்டியலில் இந்தச் செலவு இருக்காது.

அதைவிடப் பெரியது உதிரி பாகம். புதிய எஞ்சினின் மோட்டார் அந்த ஒரு மாடலுக்கென்று அளவெடுத்துச் செய்தது. சீனத்தில் ஒரு தடவை மொத்தமாகச் செய்து அனுப்புவார்கள். விற்றுத் தீர்ந்தால் அத்தோடு சரி. பத்தாண்டு கழித்து ஒரு பல்சக்கரம் பிளந்தால் எங்கே போய்க் கேட்பது? நாற்பது வயது ரிங்ஃபீல்டுக்கோ இன்றும் பிரஷ், ஸ்பிரிங், ரப்பர் வளையம் எல்லாம் செய்து விற்கிறார்கள், ஏனென்றால் ஒரே மோட்டார் அத்தனை எஞ்சின்களில் இருந்தது. முன்பு செலவு மிச்சம் பிடிக்கச் செய்த சிக்கனம் இன்று ஆயுள் காப்பீடாகிவிட்டது.

உலோகத்தின் பக்கம் வந்தால் விவாதம் வேறு திசைக்குத் திரும்புகிறது. மாடல் ரயில் உலகில் மிகவும் பயப்படும் சொல் மசாக். துத்தநாகத்தோடு சுமார் நான்கு சதவீதம் அலுமினியமும் சிறிதளவு செம்பு, மக்னீசியமும் கலந்த வார்ப்பு உலோகம். அடிச்சட்டங்கள் இதில்தான் வார்க்கப்படுகின்றன. சுத்தமான துத்தநாகமாக இருந்தால் நூறாண்டு தாங்கும். அதில் ஈயம் ஒரு சதவீதத்தின் ஆயிரத்தில் சில பங்கு கூடிவிட்டாலும் போதும், படிகங்களுக்கு இடையே அரிப்பு தொடங்கி வார்ப்பு வீங்கும், விரியும், கடைசியில் பிஸ்கட்டாக உதிரும். மருந்தே கிடையாது. பசை போட்டு ஒட்டுவது இரண்டு மாதத்துக்கு. ஈரமும் வெப்பமும் இதைத் துரிதப்படுத்தும் என்பதால் கடலோர ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவலைப்பட நியாயம் உண்டு. இந்த வியாதி 1930-களின் பொம்மைகளோடு ஒழிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த நூற்றாண்டில் வார்த்த சட்டங்களிலும் தலைகாட்டியிருக்கிறது. பழையது என்பதால் ஆபத்து, புதியது என்பதால் பத்திரம் என்று இங்கே சொல்ல முடியாது. நாற்பது ஆண்டு விரிசலில்லாமல் நின்ற சட்டம் ஒருவகையில் தேர்வு எழுதித் தேறிய சட்டம்.

எல்லாப் பழைய எஞ்சினுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. மெயின்லைன் வரிசையில் தொடங்கி ஆரம்பகால பாக்மன் எஞ்சின்களில் தொடர்ந்த பிளவுச் சட்டம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அடிச்சட்டமே இடம் வலம் என இரண்டு பாதியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு தண்டவாளத்து மின்சாரத்தைச் சுமக்கும். இரண்டு அரை அச்சுகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழல் பிடித்திருக்கும். அந்தக் குழல் வயதாகிப் பிளந்தால் சக்கரங்களின் கோணம் தவறும், இணைப்புக் கம்பிகள் பூட்டிக்கொள்ளும். சரிசெய்ய எஞ்சினை எலும்பு எலும்பாகப் பிரிக்க வேண்டும். மாற்றுக் குழல்கள் கிடைக்கின்றன, பொறுமைசாலிகள் செய்கிறார்கள். எனக்கு ஒருமுறை போதும் என்றாகிவிட்டது. அந்த வகைக்கு என் தீர்ப்பு வேறு: இரண்டாம் முறை பிளந்தால் விட்டுவிடுங்கள்.

மிஞ்சுவது 'அசல்' வாதம். எதையும் தொடாதே, பெட்டியோடு அப்படியே வை, மதிப்புக் கெடும் என்பது. அரிய பொருளுக்கு இது பொருந்தும். பழைய ஹார்ன்பி டப்லோ எஞ்சினில் துளை போட நானும் விடமாட்டேன். 1980-களின் பச்சை ஸ்காட்ஸ்மனோ சந்தையில் மலிந்து கிடப்பது. நிஜ ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனின் கதையையும் பாருங்கள். 1923-இல் டான்காஸ்டரில் கட்டப்பட்டது. 2004-இல் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் வாங்கியது. 2006-இல் பிரித்துப்போட்டு, 2016-இல் மீண்டும் ஓடும்வரை 42 லட்சம் பவுண்டு செலவழிந்தது. வாழ்நாளில் எத்தனையோ தடவை கொதிகலன் மாறியிருக்கிறது. அருங்காட்சியகமே அந்த எஞ்சினை ஓடவைக்கப் பாகம் மாற்றும்போது, ஏழு அங்குலம் குறைந்த அதன் பொம்மைக்கு மட்டும் என்ன தீண்டாமை? ஒரு வரம்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம்: செய்த எதையும் திருப்பிப் பழையபடி ஆக்க முடிய வேண்டும். பிரஷ் மாற்றுவது, ஒயர் சேர்ப்பது அந்த வரம்புக்குள் அடங்கும். சட்டத்தை அரத்தால் ராவுவது அடங்காது.

ஆகவே இந்த வழக்கில் தீர்ப்பு: பழுது பாருங்கள், மோட்டாரை மாற்றாதீர்கள். சட்டத்தில் விரிசலோ வீக்கமோ கண்டால் மட்டும் மேல்முறையீடு இல்லாமல் கைவிடலாம். நல்ல மோட்டாரைக் கழற்றி இன்னொருவர் எஞ்சினுக்குக் கொடுங்கள். டிஜிட்டல் கட்டுப்பாடும் ஊர்ந்து போகும் ஓட்டமும் வேண்டுமென்றால் புதியதை வாங்குங்கள். அது புது ஆசை, அதற்காகப் பழைய எஞ்சினைக் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை.

வேலை வரிசையும் முக்கியம். முதலில் சக்கரங்களைத் துடைப்பது. பிறகு இறுகிப்போன ரப்பர் வளையங்களை மாற்றுவது; நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத வளையம் வேலைக்கு ஆகாது. பிறகு கம்யூட்டேட்டர், பிரஷ், ஸ்பிரிங். அதன்பின் செய்யும் ஒரு வேலைதான் எஞ்சினின் குணத்தையே மாற்றும்: மெல்லிய பாஸ்பர் வெண்கலக் கம்பி கொண்டு, இதுவரை மின்சாரம் எடுக்காத பக்கத்துச் சக்கரங்களிலிருந்தும் எடுக்கும்படி செய்து, எஞ்சினையும் டெண்டரையும் வளையக்கூடிய சன்ன ஒயரால் இணைப்பது. ஒரு பிற்பகல் வேலை, சில நூறு ரூபாய்ச் செலவு. வடிவமைப்பில் விட்டுப்போன இடத்தை நேரே போய்த் தொடுகிற ஒரே சிகிச்சை அதுதான். கிளைப்பாதையில் இனி விரல் வைத்துத் தள்ள வேண்டியிருக்காது.

பல்சக்கர இரைச்சல் மட்டும் அப்படியேதான் இருக்கும். பக்கத்து அறையில் யாராவது தூங்கினால் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுங்கள்.